அட்ஜஸ்ட்டுக்குச் சான்று

அகராதி அலுவலகத்தின் இயக்குநர் முனைவர் அறவாழிக்குச் சான்றில்லாத சொல் ஆகவே ஆகாது. யார், எப்போது சொன்னது என்று எழுதாத சீட்டைக் கிழித்துப் போடுவார். பதவிக்கு வந்தபின் அவர் எழுதியது கையெழுத்து மட்டும்தான்.

உதவியாளர் செண்பகவடிவு, 'அட்ஜஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் ஊர் வழக்கில் நாலு பொருள் எழுதினாள்.

"இஷ்டத்துக்கு எழுத இது மளிகைச் சீட்டா? நாளைக்கு அகராதிக் குழுக் கூட்டத்துல நாலுக்கும் சான்று காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு" என்றார் அறவாழி.

மறுநாள் குழுவின் முன் அவள் சீட்டுகளை வாசித்தாள்.

"இடம் கொடுத்தல்: 'அந்த ரூமை என் மச்சானுக்கு அட்ஜஸ்ட் பண்ணு.' சகித்தல்: 'ஃபேன் ஓடலைன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' பொய்யெழுதுதல்: 'நான் வராத நாளையெல்லாம் பதிவேட்டுல அட்ஜஸ்ட் பண்ணிடு.' திருடுதல்: 'புத்தகம் எழுதினது நீதான், அட்டையில என் பேரை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.'"

"இதெல்லாம் யார் சொன்னது?" என்றார் குழுத் தலைவர்.

"எல்லாம் எங்க இயக்குநர் ஐயாதான். தேதியும் போட்டிருக்கேன்."

அறவாழி அவள் பக்கம் குனிந்து முனகினார்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

செண்பகவடிவு புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "அஞ்சாவது பொருள், கெஞ்சுதல். இதுக்கு மட்டும்தான் ஐயா, இத்தனை நாளாச் சான்று கிடைக்கலை."