கோணல் குளமும் ஆவுடையப்பன் குடுமியும்

வெள்ளாற்றூர் மன்னர் குமாரவர்மர் ஆசைப்பட்டுக் கேட்டது சதுரக் குளம். அரண்மனைச் சிற்பி மருதவாணர் வெட்டிக் கொடுத்ததோ ஒரு பக்கமாகச் சாய்ந்த குளம். கயிறு பிடித்து அளந்ததில் மனுஷர் கோட்டை விட்டுவிட்டார். "இது புதுப் பாணி மகாராஜா! எதிரெதிர்ப் பக்கங்கள் இணை, எதிரெதிர் மூலைகள் சமம்" என்று சமாளித்தார். மன்னரும் மகிழ்ந்துபோய் அதில் நாலு முதலைகளை விட்டார்.

சபை விகடர் ஆவுடையப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா? "குளத்துக்குத் தூக்கம் வந்துவிட்டதோ, சாய்ந்து படுத்திருக்கிறதே!" என்றார். சபையே சிரித்தது. மருதவாணர் மட்டும் மீசையைக் கடித்தார்.

மறுநாளே வலை விரித்தார்.

"மகாராஜா, குளத்துப் பக்கமே போகாமல் இவர் நாலு மூலைக் கோணங்களையும் சொல்லட்டும். பெரிய மூலை, பக்கத்துச் சின்ன மூலையைப்போல் இரண்டு மடங்கு. அதற்கும் மேல் முப்பது பாகை. அவ்வளவுதான் குறிப்பு. சொல்லாவிட்டால் குடுமியை எடுத்துவிட வேண்டும்!"

"சொல்லிவிட்டால் உமக்கு என்ன ஓய்?"

"எனக்கென்ன? பணயம் உம்முடைய குடுமிதான்."

மன்னருக்கு வேடிக்கை என்றால் உயிர். தரையில் கோலமாவால் குளம்போல ஒரு கோணல் கட்டம் போடச் சொன்னார். அந்தச் சபையில் பந்தயம் கட்டியவர்கள் எதிரெதிர் மூலைகளில் நிற்பது வழக்கம். ஆவுடையப்பன் ஒரு மூலை, மருதவாணர் எதிர் மூலை. மீதி இரண்டில் மன்னரும், கத்தியோடு நாவிதர் சோணையும்.

கத்தி தீட்டும் சத்தம் கேட்டதும் ஆவுடையப்பன் குடுமியைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த குடுமி! பிறகு கோலக் கட்டத்தைக் காட்டிப் பேசினார்.

"சதுரமாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து மூலைகள் தொண்ணூறும் தொண்ணூறும் நூற்றெண்பது. சாய்ந்தபோது ஒன்று ஒடுங்கியது, மற்றது அதே அளவு விரிந்தது. கூட்டுத்தொகை மாறவில்லை. சரிதானே?"

"சரிதான்" என்றார் மருதவாணர் வேண்டாவெறுப்பாக.

"சின்ன மூலை எவ்வளவு? தெரியாது. பிரிக்காத பொட்டலம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மூலை இரண்டு பொட்டலம், கூட முப்பது. ஆக மூன்று பொட்டலமும் முப்பதும் சேர்ந்து நூற்றெண்பது. முப்பதை எடுத்துவிட்டால் நூற்றைம்பது. ஒரு பொட்டலத்தில் ஐம்பது! சின்ன மூலை ஐம்பது, பெரிய மூலை நூற்று முப்பது. எதிர் மூலைகளும் அப்படியே."

மருதவாணர் வேறு வழியின்றித் தலையாட்டினார்.

"சோணை, கத்தியை உள்ளே வை" என்றார் மன்னர்.

"பொறுங்கள் மகாராஜா! எதிரெதிர் மூலைகள் சமம் என்று சொன்னவரே சிற்பியார்தான். என் மூலையில் குடுமி பணயம் என்றால், எதிர் மூலையிலும் அதே அளவு முடி பணயம் அல்லவா? நான் ஜெயித்தேன். அவர் மீசை என்ன ஆவது?"

மன்னர் சட்டென்று தம் மீசையைத் தொட்டுப் பார்த்தார். "பக்கத்து மூலையில் நான் நிற்கிறேனே, எனக்கு?"

"கவலை வேண்டாம். பக்கத்து மூலைகளின் கூட்டுத்தொகைதான் மாறாதே! சிற்பியார் மூலையில் குறைகிற மீசை, தங்கள் மூலையில் வந்து கூடிவிடும்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். சோணை கத்தியோடு மருதவாணர் மூலைக்கு நடந்தார்.