பாதி மழித்த தலை

"சாமி, எனக்குத் தியானம் சொல்லிக் குடுங்க" என்றாள் நாச்சம்மாள். "இந்தக் கை நடுக்கம் நிக்கோணும்."

சாமியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கை எப்ப நடுங்குது?"

"எங்க ஊட்டுக்காரருக்குச் சவரம் பண்ணையில."

ஊஞ்சலூருக்கும் கொடுமுடிக்கும் நடுவே, காவிரிக் கரையில் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, எட்டுத் தென்னை. ஆசிரமம் அவ்வளவுதான். வாசல் பலகையில் சிவஞானவல்லி அம்மை என்று எழுதியிருக்கும். சுற்றுவட்டாரத்துக்கு அவர் சாமியம்மா. வயது நாற்பதைத் தொட்டிருக்காது. வாராவாரம் தன் தலையைத் தானே மழித்துக்கொள்கிற துறவி.

நாச்சம்மாளுக்கு ஐம்பத்தாறு.

"அவருக்கு என்ன?"

"வலது பக்கம் வுழுந்துருச்சுங்க. அஞ்சு மாசமாச்சு. பேச்சும் போச்சு."

"சவரக் கடைக்காரர் யாரும் இல்லியா?"

"கூட்டியாந்தேனுங்க. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. மறுவாரம் வேறொருத்தரக் கூட்டியாந்தேன். அப்பவும் அதேதான். அப்புறம் இடது கையத் தூக்கி அலமாரியக் காட்டுனாரு. அங்க அவரு ரேசர் இருந்துச்சு. பொறகு என்னையக் காட்டுனாரு."

"பண்ணுனீங்களா?"

"ஒரு கன்னம் பண்ணுனேன். நாலு எடத்துல ரத்தம். அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதோட நிறுத்திப்போட்டேன்."

"இது எப்ப?"

"முந்தாநேத்து."

"இப்பவும் ஒரு கன்னம்தானா?"

நாச்சம்மாள் மண்ணைப் பார்த்தாள். "மூஞ்சில துண்டப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கறாருங்க."

சாமியம்மா கீரைக் காம்புகளை ஒதுக்கி வைத்தார்.

"நாளைக்கு அந்த ரேசரைக் கொண்டு வாங்க."

"தியானமுங்க?"

"சோப்பும் பிரஷும் கொண்டு வாங்க."

*

மறுநாள் காலை நாச்சம்மாள் ஒரு தகரப் பெட்டியை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். விரல் நுனியால்தான் பிடித்திருந்தாள்.

பழைய ரேசர். அவள் புருஷன் சென்னியப்பனின் அப்பா காலத்தது. மேல் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தது.

சாமியம்மா பிடியின் அடியைத் திருகினார். அது மூன்றாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பிடி, பல் வைத்த தகடு, வளைந்த மூடி. நடுவில் ஒரு பிளேடு, ஓரமெல்லாம் துரு. பல் இடுக்கில் காய்ந்த சோப்பு.

"இந்தப் பிளேடு எப்ப மாட்டுனது?"

"அவரு வுழுகறதுக்கு முன்னால. அவரே மாட்டுனது."

"இதை வெச்சா பண்ணுனீங்க?"

"அவரு மாட்டுனதுங்க. நான் எப்படிக் கழட்டறது?"

சாமியம்மா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்கு அனுப்பினார். புது பிளேடு வந்தது. வெந்நீர் வந்தது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் நாச்சம்மாளே மூன்று துண்டுகளையும் தேய்த்துக் கழுவினாள். கூர் படாமல் முனையைப் பிடித்துப் பிளேடை வைத்து, மூடியைப் போட்டு, பிடியைத் திருகினாள்.

"கண்ணுக்கு நேராப் பிடிங்க. ரெண்டு ஓரமும் ஒரே அளவு தெரியுதா?"

"தெரியுதுங்க."

சாமியம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். தலையை மூடியிருந்த காவித் துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்து முடி.

"ஆரம்பிங்க."

நாச்சம்மாள் இரண்டடி பின்னால் போனாள். "சாமி தலையிலயா? பாவமுங்க!"

"அவரு கன்னத்துல பழகறதுக்கு இது பாவம் கம்மி."

*

நுரை போட்டாள். ரேசரை வைத்தாள். இழுத்தாள்.

மூன்றாவது இழுப்பில் ரத்தம் வந்தது.

"ஐயோ, சாமி!"

"படிகாரம் அந்த மாடத்துல இருக்குது. தடவிட்டு மறுபடி வாங்க."

தடவினாள். மறுபடி வந்தாள். மறுபடி ரத்தம்.

"எதுக்கு அமுத்தறீங்க?"

"அமுத்தாட்டி முடி போகுமுங்களா?"

சாமியம்மா ரேசரை வாங்கினார். நாச்சம்மாளின் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் நுரை பூசினார். பிடியின் கடைசி முனையை இரண்டே விரலால் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, ரேசரைத் தோலின்மேல் விட்டார். அது தானாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாச்சம்மாளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. துடைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ரோமம் இல்லை.

"அதுக்கே கனம் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாச்சம்மாள் மறுபடி தொடங்கினாள். கொஞ்ச தூரம் சரியாகப் போயிற்று. பிறகு பிடி கைக்குள் இறுகியது. பாதித் தலை ஆனபோது மூன்றாவது காயம். இது ஆழம். ரத்தம் காது வரை ஓடியது.

சாமியம்மா அசையவில்லை. குரலும் உயரவில்லை.

"யாரை அமுத்தறீங்கம்மா?"

ரேசர் கைதவறிச் சேற்று மண்ணில் விழுந்தது. நாச்சம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

வீட்டில் துண்டுக்கு அடியில் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கஞ்சி காய்ச்சினாள். துண்டை வாய் வரைக்கும் மட்டும் விலக்கி ஊட்டினாள். அவரும் அதற்கு மேல் விலக்க விடவில்லை.

யாரை அமுத்தறீங்க.

கல்யாணமாகி நாலாம் மாதம். வீட்டில் இருக்கிற குத்துவிளக்கு, சொம்பு, எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கிவிட்டு, அவளாகவே அந்த ரேசரையும் எடுத்து விளக்கினாள். தங்கம் போல மின்னியது. மில்லிலிருந்து வந்ததும் பார்த்துச் சிரிப்பார் என்று அலமாரியில் எதிரே தெரியும்படி வைத்தாள்.

மேஸ்திரி சென்னியப்பன் பார்த்தார். மாமியார் இருந்தாள், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கன்னத்தில் அறைந்தார். "ஆம்பளை சாமானத் தொடச் சொன்னது ஆரு?"

அவள் அழவில்லை. அன்றிலிருந்து அலமாரியின் அந்தத் தட்டை மட்டும் துடைக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம். அவர் அதைக் கவனித்தாரா என்பதும் அவளுக்குத் தெரியாது.

*

அடுத்த நாள் பௌர்ணமி. ஆசிரமத்தில் முப்பது, நாற்பது பேர் பாடுவதற்குக் கூடியிருந்தார்கள்.

நாச்சம்மாள் ரேசரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தாள். வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

நடுவில் சாமியம்மா உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருந்தார். தலையில் துணி இல்லை. இடப்பக்கம் வழவழவென்று, மூன்று காயங்களோடு. வலப்பக்கம் முடியோடு.

கூட்டம் பாட்டைவிடத் தலையைத்தான் பார்த்தது. முன்னால் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்தாள்.

"வடக்கே இப்படியொரு விரதம் இருக்குதாம்."

"எத்தன நாளைக்கு?"

"நாப்பத்தெட்டாம்."

நாச்சம்மாள் தூணோடு ஒண்டிக்கொண்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எல்லாரும் போனபின் கிட்டே வந்தாள். "ஏனுங்க சாமி, மீதிய நீங்களே பண்ணிக்கிட்டிருக்கலாமுங்களே!"

"மீதி உங்களுது."

நாச்சம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். புளி, மினுமினுப்பு, விருந்தாளிகள், கன்னம், தட்டு. யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். கடைசியாக இன்னொன்றையும் சொன்னாள்.

"அவரு வுழுந்து கெடந்து ரேசரக் காட்டுனப்ப, உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சுங்க சாமி. இப்ப ஆரு தொடறதுன்னு."

சாமியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். சென்னியப்பன் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. மறந்துவிடு என்றும் சொல்லவில்லை.

"அடுப்புல வெந்நி இருக்குது. ஆறிடப் போகுது" என்றார்.

*

"மொதல்ல வெறுங்கையால தடவுங்க. முடி எந்தப் பக்கம் படுத்திருக்குதுன்னு பாருங்க."

நாச்சம்மாள் தடவினாள். பக்கவாட்டில் கீழே படுத்திருந்தது. உச்சியில் சுழி. அங்கே விரலுக்கு விரல் திசை மாறியது.

நுரை. ரேசர். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் பிடி தொட்டும் தொடாமலும் இருந்தது. ஒரு விரற்கடை. கழுவினாள். இன்னொரு விரற்கடை.

சுழியில் கொஞ்சம் முடி போகாமல் நின்றது. கை இறுகப் பார்த்தது. ரேசரை எடுத்துவிட்டாள்.

"சாமி, விட்ட எடத்துக்குத் திரும்ப வரலாமுங்களா?"

"நுரை போட்டுட்டு வாங்க."

முடிந்தபோது படிகாரத்துக்கு வேலை இருக்கவில்லை. சாமியம்மா தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். ரேசரைக் கழுவி, உதறி, தகரப் பெட்டியில் வைத்து நீட்டினார்.

இந்த முறை நாச்சம்மாள் முழுக் கையால் வாங்கினாள்.

*

வீட்டுக்குப் போனதும் துண்டின் ஓரத்தைப் பிடித்தாள். சென்னியப்பனின் இடது கை அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

"புதுப் பிளேடு" என்றாள். "நாந்தான் மாட்டுனேன்."

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு கை துண்டை விட்டது.

வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் வைத்தாள். நுரை பூசுவதற்கு முன் வெறும் விரலால் தாடியைத் தடவினாள். கன்னத்தில் கீழ்நோக்கி. கழுத்தில் இடப்பக்கம் மட்டும் மேல்நோக்கி. இத்தனை வருஷத்தில் அவளுக்கு இது தெரியாது.

வலது கன்னத்துக்கு உணர்ச்சி இல்லை. வெட்டினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அங்கே இன்னும் மெதுவாகப் போனாள்.

மீசைக்குக் கீழே வந்தபோது அவர் உதட்டைப் பல்லோடு இழுத்துக்கொண்டார். பாதி உதடுதான் கேட்டது. மீதிப் பாதியை அவள் பிடித்துக்கொண்டாள்.

கழுத்து வந்தது. அவராகவே தாடையைத் தூக்கிக் கொடுத்தார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து துடைத்ததும் இடது கையால் முகம் முழுக்கத் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே ஒரு இடத்தில் விரல் நின்றது. தட்டிக் காட்டினார். இன்னொரு இடம், அதையும் காட்டினார்.

"அதான பார்த்தேன், மேஸ்திரி" என்று நாச்சம்மாள் மறுபடி நுரை எடுத்தாள்.

*

இரண்டு நாள் கழித்து ஆசிரமத்துக்கு வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"ஒரு கீறல் இல்லீங்க சாமி."

"நல்லது."

பழத்தை வைத்துவிட்டும் அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"சொல்லுங்க."

"அன்னிக்கு எல்லாம் கரைஞ்சு போச்சுன்னு நெனச்சேனுங்க. இன்னிக்குக் காலையில காப்பி குடுத்தேன். சூடு பத்தலைன்னு தட்டி உட்டுட்டாரு. அவரு அறைஞ்சது அப்படியே கன்னத்துல வந்து நின்னுச்சு. அதே எரிச்சல், அதே கோவம்." அவள் குரல் தாழ்ந்தது. "அப்ப நான் பண்ணுனதெல்லாம் வீணுங்களா?"

சாமியம்மா ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு தாடி எப்படி இருக்குது?"

"அது மொளைச்சிருச்சுங்க. நேத்தும் வழிச்சேன், இன்னிக்கு விடியறதுக்குள்ள சொரசொரன்னு..."

நாச்சம்மாள் பாதியில் நின்றாள்.

குனிந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா, மோர் குடிச்சுட்டுப் போலாம்."

"இல்லீங்க சாமி" என்றாள், படியிறங்கிக்கொண்டே. "போய் வெந்நி வெக்கோணும்."