பன்றியம்மா வெட்டிய வாய்க்கால்

காட்டுக்குளத்தங்கரையில் ஒரு காட்டுப்பன்றி அம்மா இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. நெற்றியில் சுழி இருந்ததால் அவனுக்குச் சுழியன் என்று பெயர்.

அது எவ்வளவு நல்ல காலம்! காட்டிலுள்ள குட்டிகள் எல்லாம் அந்தக் குளத்தங்கரை மணலில்தான் கூடி விளையாடும். வாத்தியார் என்று யாரும் கிடையாது. பெற்றவர்களே முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் காவலிருப்பார்கள். இன்று முயலம்மா என்றால் நாளை முள்ளம்பன்றி அப்பா. முறைக்காரர் தட்டைப் பாறையில் உட்கார வேண்டும். குட்டிகள் கூப்பிட்டால்தான் மணலில் இறங்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் மட்டும் கூப்பிடாமலே ஓடலாம். எல்லோரும் கூடிப் பேசிச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

அந்தக் கோடையில் குட்டிகளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. குளத்துத் தண்ணீரை நாவல் மரத்தடிப் பள்ளத்துக்குக் கொண்டுபோய், தங்களுக்கென்று ஒரு குட்டிக் குளம் கட்ட வேண்டும்! சுழியன் தோண்டுவான். கீரிக்குட்டி கரை கட்டுவான். முயல்குட்டி வெள்ளச்சி புல் சுமந்து வருவாள். தண்ணீரோ பாதி வழியில் மணலுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கரை உடைத்துக்கொள்ளும்.

"நீதான் உடைச்சே!"

"நான் இல்ல, தண்ணிதான்!"

கொஞ்ச நேரம் சண்டை நடக்கும். பிறகு மறுபடி தோண்டத் தொடங்குவார்கள். சாயங்காலம் காதுக்குள்ளெல்லாம் சேறோடு சுழியன் வீடு திரும்புவான். அந்தச் சேற்று வாசனை பன்றியம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த மயிலம்மா, மணலைப் பார்த்துக் கழுத்தை நொடித்தாள். "என் பையன் அழகா ஆடப் பழகிட்டான். உன் பிள்ளை இத்தனை நாளா சேத்துல புரண்டு என்னத்தைக் கத்துக்கிட்டான்? ஒரு வாய்க்காலாவது உருப்படியா வெட்டினானா?"

பன்றியம்மாவுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவளுக்குக் கிழங்கு இறங்கவில்லை.

மறுநாள் அவள் முறை. பாறையில் போய் உட்கார்ந்தாள். வழக்கம்போலக் கரை உடைந்தது. சுழியனின் கண் கலங்கியது. அவன் கூப்பிடவில்லைதான். ஆனாலும் பெற்ற மனம் கேட்குமா?

"எல்லாரும் தள்ளுங்கடா!" என்று இறங்கினாள். மூஞ்சியை மண்ணில் ஊன்றி ஒரே மூச்சில் உழுதாள். குளத்திலிருந்து மரத்தடி வரை ஆழமாக, நேராக ஒரு வாய்க்கால்! தண்ணீர் சலசலவென்று ஓடிப் பள்ளத்தில் விழுந்தது.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்றான் சுழியன்.

"முடிஞ்சிருச்சு ராசா!"

"அப்போ நாங்க என்ன பண்றது?"

குட்டிகள் ஒவ்வொன்றாக எழுந்து போய் மர நிழலில் படுத்துக்கொண்டன. வெள்ளச்சி சுமந்து வந்த புல் அப்படியே கிடந்தது.

மதியம் ஒரு கெண்டை மீன் கரையோரச் சேற்றில் துள்ளியது. "குளம் வத்துது! குளம் வத்துது!" என்று அது கத்தியது. பன்றியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளம் எப்போதோ நிரம்பிவிட்டது. மிச்சத் தண்ணீர் வழிந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் காட்டுக்கு இருந்ததே அந்த ஒரு குளம்தான்!

வாய்க்கால் வாயில் அவள் மணலைத் தள்ளினாள். கரைந்துபோனது. பெரிய கல்லை உருட்டிப் போட்டாள். தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. "ஐயோ, என்ன காரியம் செஞ்சேன்!" என்று அழுதாள்.

அழுகுரல் கேட்டுக் குட்டிகள் ஓடிவந்தன.

"அம்மா, மணல் நிக்காது! களிமண் வேணும்!" என்றான் சுழியன்.

"வெறும் களிமண்ணும் நிக்காது. புல்லோட சேத்து மிதிக்கணும்!" என்றாள் வெள்ளச்சி.

"நடுவுல அடைச்சா ஓரத்துல பிச்சுக்கும். ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டிட்டு வரணும். கடைசியிலதான் நடு!" என்றான் கீரிக்குட்டி.

"இதெல்லாம் யாருடா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லல. எத்தனை தடவை உடைஞ்சுது!" என்ற சுழியன், சேற்றில் நின்றபடி அம்மாவைப் பார்த்துக் கத்தினான். "இப்ப நீ வாம்மா! களிமண் நீதான் சுமக்கணும்!"

கூப்பிட்டுவிட்டான்! பன்றியம்மா ஓடினாள். எங்கே போடச் சொன்னார்களோ அங்கே போட்டாள். குட்டிகள் மிதித்தன, தட்டின, சண்டை போட்டன, சிரித்தன. வெயில் தாழ்வதற்குள் வாய்க்கால் அடைபட்டது. கெண்டை ஆழத்துக்குள் நழுவியது.

சாயங்காலம் மயிலம்மா வந்தாள். "யார் கட்டின கரை இது? இவ்வளவு கெட்டியா இருக்கே!"

"பிள்ளைங்க கட்டினது."

"நீ என்ன பண்ணினே?"

"மண் சுமந்தேன்!" என்றாள் பன்றியம்மா பெருமையோடு.

இப்போது சுழியன் பெரியவனாகித் தன் வழி பார்த்து மலைக்கு அப்பால் போய்விட்டான். பன்றியம்மாவுக்கு முறை என்று எதுவும் இல்லை. ஆனாலும் முன்பு தன் முறையாக இருந்த நாள் வந்தால் அவள் கால்கள் தாமாகவே குளத்தங்கரைக்கு நடக்கும். பாறையில் உட்காருவாள். மணலில் வேறு குட்டிகள், வேறொரு கரை. அது உடையும்போது அவள் மூஞ்சி துறுதுறுக்கும். மூஞ்சியை முன்னங்கால்களுக்கடியில் புதைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதை மட்டும் நிமிர்த்திக் காத்திருப்பாள்.

பிள்ளைகளின் விளையாட்டைப் பெரியவர்கள் ஆடி முடித்துவிட்டால், விளையாட்டோடு சேர்ந்து பாடமும் பறிபோகும்.