கோமளம் திருப்பி அனுப்பிய தட்டு

ஐப்பசி முதல் நாள் காலையில், கோமளம் என்ற முயலின் பானையில் எண்பது குன்றிமணிகள் இருந்தன.

அந்தக் காட்டில் குன்றிமணிதான் காசு. எண்பது என்பது ஒரு முயல் குடும்பத்துக்குப் பெரிய தொகை. கோமளம் தை மாதம் முதல் தினை அறுப்புக்குப் போனது. கூலியில் பாதியைப் பானையில் போட்டு, பானையின் வாயை ஒவ்வொரு முறையும் களிமண்ணால் பூசி வைத்தது.

அந்த எண்பதில் எழுபது, வளை தோண்டும் பெருச்சாளி மாடசாமிக்கு.

கோமளத்தின் வளை குளத்தங்கரையில் இருந்தது. போன வருஷ மழையில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கோமளம் மேட்டுக்கு ஓடியது. கடைக்குட்டியை எடுக்கத் திரும்பி வந்தபோது, தண்ணீர் அதன் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் கோமளம் அன்றே முடிவு செய்துவிட்டது. அடுத்த மழைக்கு மேட்டில் வீடு!

மேட்டில் பாறை கலந்த மண். முயலின் நகம் அங்கே இறங்காது. பெருச்சாளி தோண்டினால்தான் உண்டு.

"எழுபது மணி, தாயி. முன்பணம் வேண்டாம்," என்றது மாடசாமி. "மின்மினித் திருநாளுக்கு மறுநாள் மொத்தமாகக் கொடு, அன்றைக்கே தோண்ட ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால் உடும்பு வீட்டு வேலைக்குப் போய்விடுவேன். அப்புறம் மழை முடிந்துதான் வருவேன். என் மேல் வருத்தப்படக் கூடாது!"

"வருத்தப்படும்படி வைத்துக்கொள்ள மாட்டேன்," என்றது கோமளம்.

மின்மினித் திருநாள் ஐப்பசி அமாவாசையன்று வரும். அன்று காட்டில் மரத்துக்கு மரம் மின்மினிகள் விளக்கேற்றும். அதை அடுத்து மழை வரும். மழை வருவதற்கு முன், திருநாள் செலவில் காட்டில் உள்ள எல்லோருடைய பானையும் காலியாகும்.

கோமளத்தின் பானைக்கு முதல் ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஒரு நாள் அது வேலையிலிருந்து திரும்பியபோது, பானையின் களிமண் பூச்சு உடைந்திருந்தது. கணவன் சிங்காரம் வாசலில் நின்றது. தலையில் மயிலிறகு செருகிய தலைப்பாகை! நீண்ட காதுகள் இரண்டையும் மடித்து உள்ளே திணித்திருந்தது.

"என்னங்க இது?" என்றது கோமளம்.

"என்ன?"

"இது என்னன்னு கேட்டேன்!"

"கொஞ்சம் சத்தமாகச் சொல், கோமளம். இதைக் கட்டினால் காது அடைக்கிறது. நரி நல்லதம்பி கடையில் வாங்கினேன். திருநாள் தள்ளுபடி! இருபது மணி தலைப்பாகை வெறும் பன்னிரண்டு மணிக்கு! எட்டு மணி மிச்சம் பிடித்திருக்கிறேன்!"

"அப்படியா? அந்த எட்டைப் பானையில் போடுங்க."

"எந்த எட்டை?"

"மிச்சம் பிடித்த எட்டை."

சிங்காரம் பானையைப் பார்த்தது. பிறகு தன் வெறும் கையைப் பார்த்தது.

"அது அப்படிக் கையில் இருக்காது, கோமளம். அது கணக்கில் இருக்கிற மிச்சம்."

"மாடசாமி கணக்கில் வளை தோண்டுமா? நம் குட்டிகளைக் கணக்கில் படுக்கவைப்பதா?"

பானையில் அறுபத்தெட்டு மணிகள்தான் இருந்தன. கோமளம் தலைப்பாகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக நரி கடைக்கு நடந்தது.

கடை நாவல் மரத்தடியில் இருந்தது. முன்னால் நீண்ட வரிசை நின்றது. "இன்று ஒரு நாள் மட்டும்! இன்று ஒரு நாள் மட்டும்!" என்று நரி கூவிக்கொண்டிருந்தது. அது பத்து நாளாக அப்படித்தான் கூவுகிறது.

"வாங்க, தங்கச்சி! மாப்பிள்ளைக்கு வாங்கியாச்சு. உங்களுக்கு என்ன எடுக்கட்டும்?"

"பன்னிரண்டு மணி எடுங்க, அண்ணே. தலைப்பாகையைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்."

நரி பல் தெரியச் சிரித்தது. "விற்ற பொருளைத் திரும்ப வாங்குகிற பழக்கம் நம் கடையில் இல்லை, தங்கச்சி."

"எனக்குக்கூட விற்கிற பழக்கம் இல்லை. இன்றைக்குப் பழகிக்கொள்கிறேன்."

கோமளம் கடைக்கு எதிரே போய் உட்கார்ந்தது. தலைப்பாகையை ஒரு கல்லின் மேல் வைத்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரல் கொடுத்தது.

"தலைப்பாகை! தலைப்பாகை! அண்ணன் கடையில் பன்னிரண்டு, என்னிடம் பதினொன்று!"

வரிசையில் முதலில் நின்ற குரங்கு திரும்பிப் பார்த்தது. "இருபது மணி பெறுமான சரக்கு என்று சொன்னாரே?"

"இருபது கொடுத்து வாங்கிய ஒருவரைக் காட்டச் சொல்லுங்க. காட்டினால் உங்களுக்குச் சும்மாவே தருகிறேன்!"

குரங்கு நரியைப் பார்த்தது. குரங்குக்குப் பின்னால் நின்ற மானும் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுதும் நரியையே பார்த்துக்கொண்டிருந்தது. நரி பன்னிரண்டு குன்றிமணிகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

"எழுந்து போ, தாயே! இனிமேல் இந்தப் பக்கமே வராதே!"

"எண்ணிக்கை சரியாக இருந்தால் வரமாட்டேன், அண்ணே," என்றது கோமளம். எண்ணிப் பார்த்தது. சரியாக இருந்தது.

பானை மீண்டும் நிறைந்தது. ஆனால் இரண்டாவது ஆபத்து பெரியது. அதற்குத் தட்டு என்று பெயர்.

திருநாளன்று அண்டை வீடுகளுக்குள் தினை உருண்டைத் தட்டு போய்வர வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. வந்ததைவிட ஒன்று கூட்டித்தான் திருப்ப வேண்டும். கூட்டி வாங்கியவர் அடுத்த வருஷம் இன்னும் ஒன்று கூட்டி அனுப்ப வேண்டும். முதலில் தட்டுக்கு ஓர் உருண்டையாக இருந்தது, இப்போது குவியலாகிவிட்டது. பாதி உருண்டைகள் பூஞ்சை பிடித்துக் குளத்துக்குப் போயின. மீன்களும் அலுத்துப்போய் ஒதுங்கிக்கொண்டன. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. முதலில் நிறுத்துகிறவருக்கு அல்லவா கெட்ட பெயர்!

அடுத்த வீட்டுக்காரி கீரி. பெயர் நாகம்மா. பெயரிலேயே பாம்பு இருந்தது, நாக்கு அதைவிட வேகம். குளத்தில் தண்ணீர் எடுக்க வந்தபோது அது கோமளத்தை மடக்கியது.

"ஏண்டி கோமளம், போன வருஷம் பதினைந்து அனுப்பினாய். இந்த வருஷம் நான் பதினாறு அனுப்புவேன். உன் வீட்டிலிருந்து பதினேழு வர வேண்டும். ஞாபகம் இருக்கிறதா? இல்லை, தலைப்பாகையை விற்றது போல இதையும் ஏதாவது செய்துவிடுவாயா?"

"பதினேழு வரும், அக்கா," என்றது கோமளம்.

சொல்லிவிட்டதே தவிர, அதற்கு வழி தெரியவில்லை. இப்படி ஐந்து வீடுகள். மாவும் தேனும் வாங்கினால் முப்பது மணி கரைந்துவிடும்.

"செய்துவிடலாம், கோமளம்," என்றது சிங்காரம். "இல்லையென்றால் வெளியே தலைகாட்ட முடியாது. வளைக்கு என்ன அவசரம்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

"இதைக் கடைக்குட்டியைக் கூப்பிட்டு அதனிடம் சொல்லுங்க. போன வருஷம் உங்களுக்குத் தண்ணீர் முழங்கால்வரைதான் வந்தது. அதற்கு மூக்குவரை வந்தது."

சிங்காரம் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய்த் தினையை இடிக்க உலக்கையை எடுத்தது.

எழுபதுக்கு மேல் இருந்த பத்து மணிகளுக்குள் கோமளம் திருநாளை முடித்தது. குட்டிகள் ஆசை தீரத் தின்ன ஒரு சட்டி உருண்டை. அவ்வளவுதான்.

திருநாள் காலையில் நாகம்மா தானே தட்டைச் சுமந்துகொண்டு வந்தது. கோமளம் திண்டாடுவதைப் பார்க்கத் தன் பிள்ளைகளையும் கூட்டி வந்தது.

"பதினாறு! எண்ணிக்கொள்ளடி!"

கோமளம் தட்டை வாங்கியது. நிதானமாக எண்ணியது. தன் சட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, குவியலின் உச்சியில் வைத்து, தட்டை நாகம்மாவிடமே நீட்டியது.

"பதினேழு! எண்ணிக்கொள்ளுங்க, அக்கா!"

நாகம்மாவின் வால் சிலிர்த்தது. "என்னடி இது? இது நான் கொண்டுவந்த உருண்டை!"

"ஒன்று என்னுடையது."

"இது ஏமாற்று!"

"எந்த இடத்தில், அக்கா? தட்டு வெறுமையாகப் போகவில்லை. வந்ததைவிட ஒன்று கூடப் போகிறது. உருண்டை யார் வீட்டில் பிடித்ததாக இருக்க வேண்டும் என்று வழக்கத்தில் சொல்லியிருக்கிறதா?"

நாகம்மா யோசித்தது. சொல்லியிருக்கவில்லை. இரண்டு முறை எண்ணியது. பதினேழுதான்.

"கஞ்சப் பிசினாரி! காடு முழுக்கச் சொல்லுகிறேன் பார்!"

"சொல்லுங்க, அக்கா. பதினேழு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க!"

நாகம்மா சொன்னபடியே செய்தது. முள்ளம்பன்றி வீட்டில் சொன்னது, மான் வீட்டில் சொன்னது, மயில் வீட்டில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது. சொல்லி முடித்து வீட்டுக்கு வந்தபோது, முள்ளம்பன்றி வீட்டுத் தட்டு வாசலில் காத்திருந்தது. பதில் தட்டுக்கு இன்னும் மாவுகூட இடிக்கவில்லை. நாகம்மா அக்கம் பக்கம் பார்த்தது. கோமளம் திருப்பிய தட்டிலிருந்து ஓர் உருண்டையை மட்டும் எடுத்து, வந்த தட்டின் மேல் வைத்துத் திருப்பி அனுப்பியது.

மற்ற நான்கு வீட்டுத் தட்டுகளையும் கோமளம் அப்படித்தான் திருப்பியது. பொழுது சாய்வதற்குள் அண்டை வீடுகள் ஐந்தும் அதையே செய்தன. கோமளத்தின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே செய்தன.

அன்று மாலை முயல் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சிங்காரம் வெறுந்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தது.

"எல்லோரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், கோமளம்."

"சிரிக்கட்டும். சிரிப்புக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை."

மரங்களில் மின்மினிகள் ஏறின. குட்டிகள் கத்திக்கொண்டு ஓடின. சிங்காரத்துக்கு அன்று எல்லாம் நன்றாகக் காதில் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் மாடசாமி வந்தது. எழுபது மணிகளை வாங்கிக்கொண்டது. "கொடுக்க மாட்டாய் என்று நினைத்தேன், தாயி. திருநாள் முடிந்து முழுப் பணம் கொடுத்தவர்களை நான் பார்த்ததில்லை," என்று சொல்லிவிட்டு மேட்டில் மண்ணைத் தள்ள ஆரம்பித்தது.

கார்த்திகை நான்காம் நாள் குளம் கரை புரண்டது. குளத்தங்கரை வளை முழுதும் தண்ணீரில் மூழ்கியது. மேட்டு வளையில் மூன்று குட்டிகளும் காய்ந்த புல்லின் மேல் தூங்கின.

பண்டிகைக் காலத்தில் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல், வீட்டுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவைத்து அதிலேயே உறுதியாக நிற்பதுதான் உண்மையான சேமிப்பு.