பின்னால் நிற்பவன் தோள்

"அடிபட்டது இடது முட்டியில. வலது முட்டி எதுக்கும்மா வலிக்குது?"

வடமலை கேட்டார். செங்கமலம் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பேசுவது குறைவு. வருகிறவர் வாசலிலிருந்து பாய் வரைக்கும் நடந்து வருவதைப் பார்ப்பாள். பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஆற்றங்கரையில் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் பார்க்கிறாள். வடமலைக்கு ஐம்பத்தொன்று. மலையடிப் பெருமாள் கோயிலில் சாமி தூக்குகிறவர். சாமியைத் தோளில் சுமக்கிற நீளக் கட்டைகளில், இடது பக்கத் தண்டில் முதல் ஆள்.

முதல் ஆள் என்றால் சும்மாவா? அவர் அப்பா நின்ற இடம், தாத்தா நின்ற இடம். காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறவனுக்கு அங்கே வேலை கிடையாது. அவனுக்குத் தாங்குகட்டைதான். சாமி நிற்கிற இடத்திலெல்லாம் தண்டுக்குக் கீழே முட்டுக்கொடுக்கிற கவைக்கட்டை. அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்கும்.

போன ஆனியில் படித்துறைப் பாசியில் வழுக்கி, வடமலைக்கு முட்டி திருகிக்கொண்டது. உள்ளே டப்பென்று ஒரு சத்தம். ஜவ்வு. அன்றைக்கே ஆள் வைத்து எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னார். வீங்கினது இன்னும் வீங்கியது. நாலாம் நாள் தண்டுக்குப் போய்விட்டார்.

"முட்டி வலிக்குதா?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்.

"பெருமாளைத் தூக்குறவனுக்கு ஏது வலி?"

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே எரிச்சல் வரும். பெருமாள் பேரைச் சொல்லி மனுஷன் எதைத்தான் மறைக்கவில்லை.

"பத்து நாள்ல கருட சேவை," என்றார் வடமலை. "இறுக்கி ஒரு கட்டுப் போட்டு விடு. அன்னிக்கு ஒருநாள் தாங்கினா போதும்."

"கட்டுதான் நடக்கும். கால் நடக்காது."

செங்கமலம் ஒரு நூலை எடுத்தாள். அவர் வலது தொடையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டாள். அதே வளையத்தை இடது தொடையில் ஏற்றினாள். தொளதொளவென்று தொங்கியது. இடுக்கில் மூன்று விரல் போனது.

"இது வேலை செய்யிறதை விட்டுருச்சு. அது ரெண்டாள் வேலை பார்க்குது."

வடமலை நூலையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என் காலுக்கு என் கால் உழைக்குது. இதுல அடுத்தவனுக்கு என்ன?"

செங்கமலம் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தண்டுல உங்களுக்குப் பின்னாடி யாரு?"

"கோதண்டம். என் வீட்டுக்காரியோட தம்பி."

"கூட்டிட்டு வாங்க."

"அவனுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை இரண்டு பேரும் வந்தார்கள். கோதண்டம் வாசலிலேயே தயங்கி நின்றான். நாற்பது வயது, நல்ல உயரம், நல்ல கட்டு.

"சாமி கும்பிடுங்க," என்றாள் செங்கமலம்.

"எந்தச் சாமியை?"

"எந்தச் சாமியா இருந்தா என்ன? ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுங்க."

கோதண்டத்தின் வலது கை மேலே போனது. இடது கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தான். வரவில்லை. வலது கை மட்டும் அந்தரத்தில் தனியாக நின்றது.

அவள் அவன் இடது தோளிலிருந்த துண்டை எடுத்தாள். தண்டு பட்டுக் காய்த்துப்போன இடத்தைச் சுற்றிச் சதை உப்பிக்கொண்டிருந்தது. தொட்டதும் துடித்தான்.

"எப்போலேருந்து?"

கோதண்டம் தரையைப் பார்த்தான்.

"போன ஆனியிலேருந்து."

வடமலை அவன் பக்கம் திரும்பினார்.

"நான் தோளைச் சாய்ச்சேனாடா?"

"இடது கால் ஊன்றப்ப எல்லாம் உங்க தோள் இறங்கும் மாமா. பாரம் அப்படியே என் மேல வந்து உக்காரும்."

"பதினோரு மாசம். ஏன்டா சொல்லல?"

"சொன்னா உங்களைக் கட்டை தூக்க விட்டுருவாங்களே."

வடமலை அழுதார். முட்டி திருகினபோதுகூட அழாத ஆள், பாயில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அவர் அழுது முடிக்கட்டும் என்று செங்கமலம் இருந்தாள். பிறகு ஒரு குடத்தைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். அதில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

"தினம் காலையில வாங்க. நீங்க இதைத் தூக்கிட்டு இருபது அடி நடக்கணும். அவர் தோளுக்கு இப்போதைக்குச் சொம்புதான், அதை நெஞ்சு வரைக்கும் தூக்கினா போதும். வீக்கம் வந்தா குறைச்சுக்கலாம். வரலேன்னா அடுத்த வாரம் கொஞ்சம் கூட. படுத்தே கிடந்தா ஜவ்வுக்குப் பலம் வராது. ஒரேயடியா ஏத்தினா மறுபடி கிழியும்."

வடமலை கண்ணைத் துடைத்தார்.

"திரும்பத் தண்டுக்கு எப்போம்மா போகலாம்?"

அவள் கோதண்டத்தைக் காட்டினாள்.

"அவரைக் கேளுங்க."

கருட சேவை அன்று இடது தண்டில் முதல் இரண்டு இடத்திலும் வேறு ஆட்கள் நின்றார்கள். பக்கத்தில் வடமலையும் கோதண்டமும் ஆளுக்கொரு தாங்குகட்டையோடு நடந்தார்கள். கோதண்டம் கட்டையை வலது கையில் பிடித்திருந்தான்.

சனம் பார்த்தது. "வடமலையா? கட்டை தூக்குறாரா?" என்று யாரோ கேட்டது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. முதல் வீதி முழுக்கத் தலை நிமிராமல் நடந்தார்.

நாலாவது திருப்பத்தில் சாமி நின்றது. வடமலை குனிந்து, முட்டியை மடக்கி, தண்டுக்குக் கீழே கட்டையைக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது முகம் சுருங்கிவிட்டது.

"மாமா, முட்டி வலிக்குதா?" என்றான் கோதண்டம்.

வடமலை நிமிர்ந்து பெருமாளைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"வலிக்குதுடா. உனக்கு?"

"எனக்கும்தான் மாமா."