பெயர் எழுதாத சீட்டு

"படம் நல்லா இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றார் பொன்னுலிங்கம்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

"அப்ப பாஸா?"

"படிக்க வருதான்னு பாக்கணும்."

பொன்னுலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. ஐம்பத்தேழு வயதில் பரீட்சை எழுதினால் அப்படித்தான்.

இந்திராணி டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கோவில்பட்டியில் கணக்கு டீச்சராக இருந்தவர், ஒரு நாள் அதை விட்டுவிட்டு மாடியறை ஒன்றில் டாரட் சீட்டு பார்க்க உட்கார்ந்தார். எழுபத்தெட்டுப் படச் சீட்டுகள். வருகிறவர் கலைத்து ஒன்றை எடுக்க வேண்டும். டீச்சர் பலன் எதுவும் சொல்ல மாட்டார். "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்பார்.

வந்தவர் படத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார். நாலாவது வாக்கியத்தில் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அழுகையும் வரும். அதற்காகவே மேஜையில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது.

பொன்னுலிங்கம் அவரிடம் மூன்று வருஷமாகப் பாடம் கேட்கிறார். டீச்சர் வைத்த விதி ஒன்றே ஒன்று. படிக்க வந்தவர் தன் கையால் ஒரு கட்டுச் சீட்டு வரைய வேண்டும். அதை வைத்து டீச்சர் ஒரு நாள் வருகிறவர்களுக்குப் பார்ப்பார். தேறினால் அவரும் சீட்டு பார்க்க உட்காரலாம். தேறாவிட்டால் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம்.

இன்று அந்த நாள்.

பொன்னுலிங்கம் முப்பது வருஷம் சிவகாசி காலண்டர்களுக்குப் படம் எழுதியவர். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. வருஷம் முழுக்க வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற படம் அது. அதில் கண்ணீர் கூடாது, ரத்தம் கூடாது, எழுத்து படத்தின் மேல் ஏறக் கூடாது.

சீட்டுக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார். இடிந்து விழ வேண்டிய கோபுரம் அவர் கையில் பூ உதிர்வதுபோல உதிர்ந்தது. வாள்களை வைத்து வெண்ணெய்கூட வெட்ட முடியாது. ஓரத்தில் எண் மட்டும் உண்டு; சீட்டுகளின் அடியில் பெயர் எழுதவில்லை. கேட்டால், "எழுத்து போட்டா படம் கெட்டுரும்" என்றார்.

பெண் வருகிற சீட்டிலெல்லாம் ஒரே முகம். செண்பகவல்லியின் முகம்.

செண்பகவல்லி அவருடைய ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். நான்கு வருஷம் ஆகிறது.

ஊர்தான் அப்படிச் சொல்லும். பொன்னுலிங்கம் சொல்ல மாட்டார். யார் கேட்டாலும் "செம்பகம் தூங்கிட்டா" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் பெற்றவனிடம் யார் போய் வாதாடுவது? டீச்சரும் மூன்று வருஷமாக அதைத் திருத்தவில்லை. கணக்கு டீச்சர் தெரிந்தே திருத்தாமல் விட்ட தப்பு அது ஒன்றுதான்.

கட்டு தேறினால் மகளின் முகம் தினமும் நாலு பேர் கைக்குப் போகும். நாலு பேர் அவளைப் பார்ப்பார்கள். பொன்னுலிங்கத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் செல்போன் கடைக்காரர். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் மனம் நொந்து கிடப்பவர். அவருக்குப் பேரரசி சீட்டு வந்தது.

"என்ன தெரியுது?"

"சூப்பரா இருக்கு டீச்சர். யாரு வரஞ்சது?"

"உங்க விஷயம் என்ன?"

"அது கெடக்கட்டும். ஒரு போட்டோ எடுத்துக்கிடவா?"

எடுத்துக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டார். தம்பி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

"பாத்தீகளா?" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கம்.

"பாத்தேன்" என்றார் டீச்சர்.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண். சீட்டை எடுக்காமல் எல்லாவற்றையும் பரப்பி வேடிக்கை பார்த்தாள்.

"எல்லாத்துலயும் ஒரே அக்காவா இருக்காங்க. அழகா இருக்காங்க."

பிறகு ஒரு சீட்டை எடுத்து நகத்தால் சுரண்டினாள்.

"இதுல என்னமோ கறுப்பா ஒட்டியிருக்கு."

"அது படந்தாம்மா. சுரண்டாத" என்றார் பொன்னுலிங்கம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அந்தப் பெண்ணும் எதையும் சொல்லாமலே போனாள். சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

மூன்றாவதாக வந்தவள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். பெயர் மாரித்தாய். கையில் வயர் கூடை.

"எங்க வீட்டுக்காரவுகள மதுரை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு டீச்சர். கொழுந்தன் கூட இருக்கான். எனக்குத்தான் இங்க இருப்புக் கொள்ளல."

சீட்டை எடுத்தாள். பதிமூன்றாம் சீட்டு. டாரட் கட்டு எதுவானாலும் அந்த எண் மரணத்துக்கு. டீச்சரின் பழைய சீட்டுக்கட்டில் அதில் ஓர் எலும்புக்கூடு குதிரையேறி வரும்; அடியில் 'மரணம்' என்று பெயரும் இருக்கும். குழந்தைக்குக்கூடப் புரியும்.

பொன்னுலிங்கத்தின் சீட்டில் ஒரு பெண் கோரைப்பாயில் படுத்திருந்தாள். ஜன்னல் வெயில் பாதத்தில் விழுந்திருந்தது. தலையில் பிச்சிப்பூ.

"என்ன தெரியுது தாயி?"

மாரித்தாய் குனிந்து பார்த்தாள். இறுகிக் கிடந்த முகம் மெல்ல இளகியது.

"புள்ள அசந்து தூங்குது."

"அப்புறம்?"

"அப்ப அவுகளும் நல்லாத் தூங்குறாக. நான் போயி எழுப்ப வேண்டாம். ஞாயித்துக்கெழம போய்க்கிடுதேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நிம்மதியாகச் சிரித்தாள்.

டீச்சர் சட்டென்று எழுந்து வழியை மறித்தார்.

"இன்னைக்கே போ. இப்பவே போ. பஸ் ஸ்டாண்டுல மதுரை வண்டி நிக்கும்."

"ஏன் டீச்சர்? சீட்டுல எதுவும் கெட்டதா?"

"சீட்டு கெடக்கு. நீ போயி அவரு கையப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. தூங்கினா எழுப்பிப் பேசு."

மாரித்தாய் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு படியில் தடதடவென்று இறங்கினாள்.

டீச்சர் பொன்னுலிங்கத்தை மேஜைக்கு அழைத்து, அந்தச் சீட்டை அவர் முன்னால் வைத்தார்.

"என் கட்டுல பதிமூணுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"எலும்புக்கூடு."

"உங்க கட்டுல?"

"செம்பகம்."

"என்ன செய்யுறா?"

"தூங்குறா."

டீச்சர் சீட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் பாத்ததத்தான வரஞ்சேன் டீச்சர்!" என்று வெடித்தார் பொன்னுலிங்கம். "மத்தியானம் ரெண்டு மணி. பாயில படுத்திருந்தா. புள்ள தூங்குதேன்னு ரேடியோவ அமத்தினேன். கதவு கிரீச்சுன்னு சத்தம் போடும், அதத் தூக்கிச் சாத்தினேன். அஞ்சு மணி வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து மீனாட்சி கையில கிளி எழுதிக்கிட்டிருந்தேன். நான் ஒரு சத்தம் போடல. ஒரு சின்னச் சத்தம் போடல."

டீச்சர் சீட்டின் மேல் சுட்டுவிரலை வைத்தார். அந்தக் கல்லூரிப் பெண் சுரண்டிய இடத்தில்.

"இது என்னது?"

"ஈ."

"காலண்டர் படத்துல ஈ எழுதுவீகளா?"

"எழுத மாட்டேன்."

"இதுல எதுக்கு எழுதுனீக?"

"அன்னைக்கு இருந்துச்சு. மணிக்கட்டுல."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

பொன்னுலிங்கத்தின் விரல்கள் தூரிகை பிடிப்பதுபோலக் குவிந்தன.

"கிளிக்கு ரெக்க எழுதி முடிக்கிற வரைக்கும்."

தெருவில் ஒரு லாரி போனது. அதன் சத்தம் அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

பொன்னுலிங்கம் சீட்டைப் பார்த்தார். பாயைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், வெயில் விழுந்த பாதத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார்.

கையை நீட்டி அந்த ஈயை ஓட்டினார்.

மறுபடியும் ஓட்டினார்.

"செத்துப்போயிட்டா டீச்சர்" என்றார். "எம்மக செத்துப்போயிட்டா."

நான்கு வருஷம் அழாததை அந்த மேஜையில் தலைசாய்த்து அழுதார். பெரிய மனிதன் அழுகிறானே என்று கூச்சப்படவும் இல்லை. டீச்சர் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். தண்ணீர் முழுவதும் தீர்ந்தது.

மாடிப்படியில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

பொன்னுலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிதறிக் கிடந்த தன் சீட்டுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிக் கட்டாக்கினார். வீட்டுக்கு எடுத்துப்போக ரப்பர் பேண்டு தேடினார். பதிமூன்றாம் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு அடியில பேரு எழுதணுமா டீச்சர்?"

டீச்சர் தன் நாற்காலியை அவருக்கு விட்டு எழுந்து, மூலையில் அவர் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தனக்கு இழுத்துப் போட்டார்; காலிச் சொம்பைக் கையில் எடுத்தார்.

"ஆள் வந்திருக்கு, உக்காருங்க. சொம்புல தண்ணி பிடிச்சிட்டு வாரேன்."