எருமைமேல் ஏறிய முப்பாட்டன்

அநியாயத்துக்கு ஆளானவள் மாதி. அவள் கையால் பின்னிய கம்பளிச் சால்வையைத் திருடியதும் போதாமல், அவளையே பொய்க்காரி என்றார்கள். இதைப் பொறுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

வெகுகாலத்துக்கு முன் பனிமலை நாட்டைக் கோடைவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். பழம்பொருள் என்றால் உருகுவான். புதிதாக எதைக் காட்டினாலும் கொட்டாவி விடுவான். இது தெரிந்த பொக்கிஷ அதிகாரி அனந்தவர்த்தனர், மாதி வேலியில் உலர்த்திய சால்வையை உருவிக்கொண்டு போனார். தன் வீட்டு அடுப்புப் புகையில் தொங்கவிட்டுப் பழுப்பாக்கி, சபையில் விரித்தார்.

"அரசே, முந்நூறு ஆண்டுப் பழமை! எங்கள் குலத்துப் பெண்கள் பின்னியது. இதில் யானைமேல் வீற்றிருக்கும் உருவம் என் முப்பாட்டனார்!"

"ஆகா, என்ன கம்பீரம்!" என்று அரசன் சொக்கிப்போனான்.

சேதி கேட்ட மாதி நேரே சபைக்கு வந்துவிட்டாள். "அது யானை இல்லீங்க சாமி, எருமை. போன மழைக்கு நான் பின்னினது. கொம்பு தெரியலையா?"

"அது தந்தம்" என்றார் அனந்தவர்த்தனர்.

"உச்சந்தலையிலயா தந்தம் முளைக்கும்?"

"அந்தக் காலத்து யானை!"

சபை முழுக்கத் தலையாட்டியது. படித்தவர்கள்தான் எல்லோரும்!

அரசனுக்குக் கோபம் வந்தது. "நிரூபி பெண்ணே! இல்லாவிட்டால் இன்றே நாட்டை விட்டு ஓடு."

"சரிங்க. ஐயா குலத்துல பின்னினதுன்னா எங்க இழுத்தா பிரியும்னு தெரிஞ்சிருக்குமே. இழுக்கச் சொல்லுங்க."

அனந்தவர்த்தனர் கீழ் ஓரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார். அசையவில்லை. "பார்த்தீர்களா, அக்காலத்து உறுதி!"

"அது தொடங்கின ஓரம். முடிச்ச ஓரத்துலதான் பிரியும்" என்ற மாதி, மேல் மூலையில் ஒரு முடிச்சைத் தளர்த்தினாள். சரசரவென்று நூல் கழன்றது. உருவத்தின் தலைக்குச் சற்று மேலே வந்ததும் பிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். கழன்ற நூலில் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, மறுபடி பழுப்பு.

"புகை மேலாகத்தான் ஒட்டியிருக்கு சாமி. உள்ளே வெள்ளை வெளேர்னு இருக்கு. முந்நூறு வருஷ அழுக்கு பின்னல் கண்ணிக்குள்ள போகாமலா இருக்கும்?"

அரசன் நூலை முகர்ந்தான். "அனந்தவர்த்தனரே, நேற்று உங்கள் வீட்டில் பூண்டுக் குழம்பா?"

"ஆமாம் அரசே, அருமையாக..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சபை அதிர்ந்தது. பொக்கிஷச் சாவி மாதியின் கைக்குப் போனது. அவள் பிரித்ததைத் திரும்பப் பின்னி முடிக்கும்வரை, நூலைச் சுற்றிக்கொண்டு இரு கையையும் நீட்டி நிற்கும் வேலை அனந்தவர்த்தனருக்கு.

அரசன் சால்வையைக் குனிந்து பார்த்தான். "எருமைதான், ஒப்புக்கொள்கிறேன். மேலே கம்பீரமாக உட்கார்ந்திருப்பது யார்?"

"என் தோட்டத்துல அவரைக்காய் திருட வர்ற குரங்குங்க சாமி. ஐயாதான் முப்பாட்டன்னு சபையறியச் சொல்லிட்டாரே! சொந்தபந்தத்துல தலையிட நான் யாருங்க?"